மேலே ஏறாத ஆயில்

என் மாப்பிள்ளை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொண்டையைச் செருமுவார். என் ஷெட்டுக்கு வருகிற டிரைவர்களெல்லாம் 'வால்வக்கா, வால்வக்கா' என்று என் உயிரை எடுப்பார்கள்; இந்த மனிதர் மட்டும் வாசலில் நின்று ஒரு 'ம்க்கும்'. அதுதான் என் பெயர் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். நான் அவருக்கு வைத்திருக்கிற பெயர் கல்லுளிமங்கன். மகள் எதிரில் சொல்வதில்லை.

எங்களுக்குள் பேச்சு நின்றுபோன கதை ரொம்பச் சின்னது. கல்யாணமான புதிதில் தன் லாரிக்கு ஆயில் மாற்ற வேறொரு ஷெட்டுக்குப் போனார். மாமியார் பெரிய டீசல் என்ஜின்களுக்கு வால்வு வேலை பார்க்கிறவள், வண்டி நிறுத்த முற்றம் இருக்கிறது, மாப்பிள்ளை போய் அடுத்த தெருவில் நிற்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏன்னு கேளுடி உன் புருஷனை" என்று மகளிடம் சொன்னேன். "உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான்" என்று பதில் மகள் வழியாக வந்தது. அதற்கு நான் சொன்னதும் மகள் வழியாகவே போனது. அன்றைக்குப் பிடித்த வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, "அவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்பேன். அவர் மகளைப் பார்த்து "போதும்னு சொல்லு" என்பார். என் வீட்டுக்காரர் தையற்காரர்; அவருக்கு இதில் ஒரே சிரிப்பு. "நீங்க ரெண்டு பேரும் ஸ்டாம்பு ஒட்டிப் பேசுங்க" என்று தையல் மெஷினை மிதித்துக்கொண்டே சொல்வார்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த லாரி வரும்போதெல்லாம் என் முற்றத்தில் ஆயில் சொட்டும். என்ஜின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் டாப்பெட் கவர் ஓரத்திலிருந்து கசிந்து, வழிந்து, துளித் துளியாகத் தரையில் விழும். பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் முற்றத்துச் சிமெண்ட் தரை நான் நின்று போடவைத்தது. போன தடவை வந்தபோது, "வண்டி வச்சிருக்கிற லட்சணம் தரையிலேயே தெரியுதுன்னு சொல்லு உன் புருஷன்கிட்ட" என்று கத்தினேன். அவர் பத்தடி தூரத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் தபாலுக்கு வேலையில்லாமல் போயிற்று.

அந்த லாரிதான் ஒருநாள் காலையில் என் ஷெட்டுக்குள் வந்து நின்றது. பின்னால் தரை ஓடுகள், முழு லோடு. மகள் முதலில் இறங்கினாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை கதவுக் கம்பியில். நிறைமாசம் நெருங்குகிற பெண் லாரி கேபினில் ஏறி வரலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, ஏதோ லைட்டு எரியுதாம். ஆயில் பிரஷர் கம்மின்னு காட்டுது. நாளைக்குக் காலையில மலைப்பாதை வழியா இறங்கணும். பாத்துக் குடு."

"எந்த ஆயில் பிரஷர்? கீழேயா, மேல வால்வுக்குப் போறதா?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளிடம் ஏதோ முணுமுணுத்தார். "மேலதாம்மா. வால்வு பக்கம்."

அங்கேயே எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. காரணம் சொல்கிறேன். இந்த வகை என்ஜினில் என்ஜின் பிரேக் இருப்பது அந்த வால்வுப் பகுதியில்தான். இறக்கத்தில் டிரைவர் பொத்தானைப் போட்டால், ஒரு சின்ன மின்வால்வு திறக்கும். வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கர் கைக்குள் ஆயில் பாய்ந்து, ஒரு குட்டி பிஸ்டனைத் தள்ளும். அது புகை வால்வைச் சரியான நொடியில் திறந்துவிட, இழுத்துக்கொண்டிருந்த என்ஜின் அப்படியே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். உறுமல் சத்தம் கேட்கும். அத்தனை பாரத்தோடு மலையிறங்குகிறவனுக்குக் கால் பிரேக் துணைக்குத்தான். உயிரைப் பிடித்திருப்பது இதுதான். மேலே ஆயில் பிரஷர் இல்லையென்றால் இது இல்லை. இது இல்லாமல் அந்த இறக்கத்தில் ஓடு லோடோடு போகிறவன் திரும்பி வருவது அவன் அதிர்ஷ்டம்.

"இறக்கத்துல வண்டி புடிக்குதான்னு கேளு."

மகள் போய்க் கேட்டாள். அவர் கீழே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். திரும்பி வந்து, "புடிக்குதாம்மா. லைட்டு மட்டும்தான் எரியுதாம்" என்றாள்.

குனிந்து தரையைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. கவர் ஓரம் பூராவும் துடைத்துவைத்த மாதிரி காய்ந்திருந்தது. அட, அதட்டினால்தான் வேலை நடக்கிறது என்று எனக்குள் ஒரு மிதப்பு. அந்த அடுத்த தெரு ஷெட்டுக்காரன் ஒருவழியாகக் கவருக்கு அடியில் வைக்கிற ரப்பர் கேஸ்கட்டை மாற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகத்துக்கு ஒரு வார்த்தை கேட்டும் வைத்தேன்.

"டாப்பெட் கவரை சமீபத்துல யாராவது திறந்தாங்களா?"

மகள் போனாள். இந்தத் தடவை அவர் கொஞ்சம் நீளமாகவே பேசினார். கையை இப்படியும் அப்படியும் அசைத்துக்கூடப் பேசினார். அவள் கேட்டுக்கொண்டே இரண்டு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு வந்து, "யாரும் திறக்கலம்மா. சென்சார் மட்டும் அந்த ஷெட்டுல புதுசா மாத்தினாங்களாம்" என்றாள்.

கையை அவ்வளவு அசைத்துச் சொன்னதற்கு இது ரொம்பச் சின்னப் பதில். எனக்கு உறைக்கவில்லை. அந்த ஷெட் என்ற வார்த்தையிலேயே என் புத்தி மாட்டிக்கொண்டுவிட்டது. "சென்சார மாத்தினா பிரஷர் வந்துடுமா? காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை மாத்தின கதைதான்" என்று நான் பாட்டுக்குப் பொரிந்துகொண்டே வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். அளவு சரி. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து மோந்து பார்த்தேன். டீசல் கலந்திருந்தால் நீர்த்துப்போய் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். இது சுத்தமாக இருந்தது. ஒயர்களை மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பிறகு சென்சாரையே கழற்றிவிட்டு அந்த இடத்தில் என்னுடைய முள் கேஜை மாட்டினேன். எலக்ட்ரிக் பொய் சொல்லலாம், முள் சொல்லாது. கீழே என்ஜின் அடியில் பிரதான பாதையில் இன்னொரு கேஜ். மகளை "ஸ்டார்ட் பண்ணச் சொல்லு" என்றேன். அவர் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

என்ஜின் சும்மா ஓடும்போது இரண்டு முள்ளும் நல்ல பிள்ளைகளாக நின்றன. வேகத்தை ஏற்றச் சொன்னேன். அப்போதும் நன்றாகவே நின்றன. மின்வால்வுக்குப் போகும் ஒயரை எடுத்து நேராக பேட்டரியில் தொட்டேன், பிரேக் போட்ட மாதிரி. கீழே இருந்த முள் அசையவில்லை. மேலே இருந்த முள், யாரோ கழுத்தைப் பிடித்து அழுத்தியதுபோல, சரிந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒயரை எடுத்தேன். மெதுவாக எழுந்து வந்தது. திரும்பத் தொட்டேன். திரும்பவும் படுத்தது.

லைட் மட்டும் எரிகிறது, வண்டி பிடிக்கிறது என்றல்லவா சொன்னார்கள்? முள் இப்படி விழுகிற வண்டி எங்கே பிடிக்கும்?

மகளிடம் மறுபடி கேட்டேன். "நல்லா கேட்டியா? புடிக்குதுன்னா சொன்னாரு?"

"சொன்னாரும்மா" என்றாள் அவள், துணியால் கேஜைத் துடைத்துக்கொண்டே. கேஜில் துடைக்க ஒன்றுமில்லை.

மேலே யாரும் கை வைக்கவில்லை என்பதை நான் நம்பிவிட்டதால், புத்தி கீழேயே சுற்றியது. பேரிங் தேய்ந்து ஆயில் அங்கேயே ஒழுகிவிடுகிறதா, பம்ப் களைத்துவிட்டதா என்று. அப்படியென்றால் என்ஜினையே இறக்க வேண்டும். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்து, வெயிலில் பிடித்து இரும்புத் துகள் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் இல்லை. கீழே பிரஷர் கல் மாதிரி நிற்கிறது, ஃபில்டர் சுத்தம், பேரிங்மேல் பழி போட ஒரு காரணமும் இல்லை. மத்தியானம் வரைக்கும் இதிலேயே போயிற்று. நான் சாப்பிடப் போகவில்லை. என் வீட்டுக்காரர் வந்து மகளை மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், சாப்பிட வைத்து, படுக்க வைத்தார்.

தபால்காரி போனதும் ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர். அவர் லாரியின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பேச ஆள் இல்லாததால் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. சும்மா இருக்கும்போது பிரஷர் இருக்கிறது. ஆயில் பாய வேண்டும் என்று கேட்டதும் விழுகிறது. பம்ப் சோர்ந்திருந்தால் கீழேயும் அல்லவா விழ வேண்டும்? கீழே இருக்கிறது, மேலே ஏறவில்லை. அப்படியானால் நடுவில் ஏதோ மறிக்கிறது. ஓட்டம் இல்லாதபோது ஒதுங்கி நிற்கிறது, ஓட்டம் வந்ததும் ஓடிவந்து வாசலை அடைக்கிறது. யாரும் திறக்கவில்லையாம், சரி. நானே திறந்து பார்த்துவிடுகிறேன் என்று சாக்கெட் ஸ்பேனரை எடுத்தேன்.

போல்ட்டுகள் எல்லாம் வந்துவிட்டன. கவர் வரவில்லை. நெம்பினேன். நகரவில்லை. கேஸ்கட் போட்ட கவர் இப்படி ஒட்டாது. குனிந்து ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். வெளியே பிதுங்கியதை பிளேடு வைத்து வழித்து, மேலே கிரீஸைத் தடவிப் பழசு மாதிரி ஆக்கியிருந்தார்கள். தட்டி, நெம்பி, ஒருவழியாகத் தூக்கினேன்.

உள்ளே பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கருப்பு சிலிக்கான் பேஸ்ட். கவரின் நாலு பக்கமும் சுண்டுவிரல் தடிமனுக்கு. வெளியே பிதுங்கியதைத்தான் வழிக்க முடியும்; உள்ளே பிதுங்கியதை யார் பார்ப்பார்கள்? அது காய்ந்து, வாலும் நாக்குமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சில இடங்களில் நாக்கு பிய்ந்து போயிருந்தது. பிய்ந்த துண்டுகள் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"எந்தப் படுபாவி பண்ணின வேலை இது? பேஸ்ட் பூசினானா, சுவர் எழுப்பினானா? அந்த ஷெட்டுக்காரன் கையில ஸ்பேனர் குடுத்தவன் யாரு? ஒரு உசுரு உக்காந்து ஓட்டற வண்டிடா இது." ஷெட்டே அதிரக் கத்தினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து 'ம்க்கும்' என்று கேட்டது.

நான் திரும்பினேன். அவர் பம்பரைச் சுற்றி வந்து என் எதிரில் நின்றார். பெரிய உருவம், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார்.

"என்ன நீங்கதான்?"

"நான்தான் பூசினேன். போன தடவை தரையில சொட்டுதுன்னு நீங்க... அடுத்த தடவை வரும்போது சொட்டக்கூடாதுன்னு. கேஸ்கட் வர நாளாகும்னாங்க. ரெண்டு டியூப் வாங்கி நானே பூசிட்டேன். ஒண்ணே போதும்னு கடைக்காரர் சொன்னாரு. எனக்குத்தான் பயம், எங்க சொட்டிடுமோன்னு."

கையிலிருந்த கவரை மெதுவாகத் தரையில் வைத்தேன்.

"அப்ப காலையில நான் கேட்டேனே, யாராவது திறந்தாங்களான்னு?"

"சொன்னேன். அவகிட்ட எல்லாம் சொன்னேன். எப்படி பூசினேன், எவ்வளவு பூசினேன்னு கூட சொன்னேன்."

ஆகக் கையை அசைத்துச் சொன்னது அத்தனையும் அதுதான். என் மகள் நடுவில் நின்று, அம்மா கேட்டால் ஆடுவாளே என்று பயந்து, அதை முழுங்கிவிட்டு யாரும் திறக்கவில்லை என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். வருஷம் பூராவும் இப்படித்தான் செய்திருப்பாள் பாவம். என் கோபத்தை வடிகட்டி அவரிடம், அவர் வருத்தத்தை வடிகட்டி என்னிடம். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. அந்த வேலையை அவள் தலையில் கட்டியது யார்?

"சரி" என்றேன். "அவ வழியா கேட்டதையெல்லாம் இப்ப நேரா கேக்கறேன். இறக்கத்துல வண்டி புடிக்குதா?"

அவர் ஷெட் வாசலைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டு சொல்ல முடியாத விஷயம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"புடிக்கல. போன வாரம் இறங்கும்போது, பாதி இறக்கத்துல லைட்டு வந்துச்சு. உறுமல் நின்னுடுச்சு. வண்டி என் கையில இல்ல. கால் பிரேக்கை மிதிச்சுகிட்டே வந்தேன், புகை வர ஆரம்பிச்சுடுச்சு. முன்னால ஒரு டிராக்டர் போயிட்டிருக்கு, அதுல ரெண்டு பேரு திரும்பி உக்காந்து என்னையே பாத்துகிட்டு வராங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. கை காட்டினாங்க. வளைவுல ஒரு மண் ஏத்தம் இருக்கு. அதுல ஏத்தி நிறுத்திட்டேன். ரொம்ப நேரம் இறங்கவே முடியல. அவளுக்கு போன் போட்டேன். என்ன சொல்றதுன்னு தெரியல. சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வெச்சுட்டேன்."

நான் போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். படி இரண்டு பேருக்குப் போதாது. தோளோடு தோள் இடித்தது. கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்தேனே, இந்தப் பிள்ளை ஒரு வாரமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது என்று நினைக்க எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கை முழுக்க ஆயில், துடைக்கவும் வழியில்லை. புறங்கையால் துடைத்தேன்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். "இந்த நேரத்துல பயந்துடுவா. லைட்டு எரியுதுன்னு மட்டும்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"சொல்லமாட்டேன். ஆனா மாப்பிள்ளை, இனிமே என் தரையில சொட்டினா சொட்டட்டும். கேட்டீங்களா? ஆறு மாசத்துக்கு சொட்டினாலும் துடைக்க எனக்குக் கை இருக்கு. தரைக்காக ஆளைத் தொலைக்கற அளவுக்கு எனக்கு இன்னும் கிறுக்குப் பிடிக்கல. வாய்தான் நீளம், மனசு அப்படி இல்ல."

"தெரியும்" என்றார் அவர். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அதன்பின் வேலை மளமளவென்று ஓடியது. கேள்விக்கு நேராகப் பதில் வந்தால் வேலை எவ்வளவு சுருக்கமாக முடிகிறது என்று எனக்கே ஆச்சரியம். ராக்கர் தண்டுக்கு ஆயில் ஏறும் துளையில் ஒரு சின்ன வலை உண்டு, விரல் நுனி அகலம். அதைத் திறக்க ராக்கர் தண்டை எடுக்க வேண்டியிருந்தது. ஒரு முனையை அவர் தூக்கினார், மறுமுனையை நான். டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது, மகராசன். ஒரு கருப்பு நாக்கு, வலையின் ஒரு ஓரத்தில் மாட்டி, மறு ஓரம் கதவு மாதிரி ஆடிக்கொண்டு. ஆயில் வேகமாகப் பாய்ந்தால் போதும், வலையோடு வலையாகப் படிந்து மூடிவிடும். ஓட்டம் நின்றால் தொங்கிவிடும். அவ்வளவு பெரிய லாரியை, அவ்வளவு பெரிய மனிதனை, இந்த நகக்கண் அளவு பேஸ்ட் உருட்டிவிடப் பார்த்திருக்கிறது.

என் இடுக்கி உள்ளே போகவில்லை. வீட்டுக்குள் போய் என் வீட்டுக்காரர் மெஷினுக்கு நூல் கோர்க்கிற நீளமான வளைந்த இடுக்கியைக் கேட்டேன். "ஆயில் படாம திருப்பித் தருவியா?" என்றார். "மாட்டேன்" என்றேன். கொடுத்தார்.

மெதுவாகப் பிடித்து, பிய்ந்துவிடாமல் இழுத்தேன். முழுசாக வந்தது. உள்ளங்கையில் வைத்து மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவர் அதை விரல் நுனியால் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். இன்னும் எங்கே துண்டுகள் இருக்கும் என்று இரண்டு பேருமாகத் தேடினோம். கிடைத்ததை எல்லாம் பொறுக்கினோம், வலையைக் கழுவினோம், துளைகளில் காற்றடித்தோம், அடியில் ஆயிலை வடித்து வடிகட்டிப் பார்த்தோம், புது ஃபில்டரும் புது ஆயிலும் போட்டோம். கவரை அவரே சுரண்டிச் சுத்தம் செய்தார். அவர் கழற்றி வண்டியிலேயே போட்டுவைத்திருந்த பழைய கேஸ்கட்டைத் துடைத்து வைத்து, பேஸ்ட் ஒரு பொட்டுக்கூட இல்லாமல், போல்ட்டுகளை ஒரே சீராக முறுக்கினேன். புது கேஸ்கட் வரும்வரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிறது யாரையும் கொல்லாது.

கேஜை மாட்டி மறுபடி ஒயரைத் தொட்டேன். மேல் முள் லேசாகத் தலையாட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றது. என்ஜின் குரல் மாறி உறுமியது. நான் ஒயரை வைத்துக்கொண்டே இருந்தேன், எடுக்க மனம் வரவில்லை.

"தண்ணித் தொட்டி மேட்டுல ஏத்தி இறக்கிப் பாத்துடலாம்" என்றேன். "நானும் வரேன்."

ஊர் ஓரத்து மேடு அது, மலை அல்ல. ஆனால் முழு லோடோடு இறங்கினால் பொய் சொல்லாது. உச்சியில் திருப்பி நிறுத்தினார். நான் பக்கத்து சீட்டில், என்ஜினிலிருந்து நீளக் குழாய் போட்டு உள்ளே இழுத்த கேஜைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். கிளப்பவில்லை.

"போங்க மாப்பிள்ளை. நானும் இதே வண்டியிலதான் இருக்கேன்."

கிளப்பினார். சரிவு வண்டியை இழுக்க ஆரம்பித்தது. என் வலது கால், பெடலே இல்லாத இடத்தில், தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. அவர் பொத்தானைப் போட்டார். உறுமல் எழுந்தது. பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி அடங்கி, பிடித்துக்கொண்டு, நடை வேகத்தில் இறங்கியது. அவர் பாதம் பிரேக்கின்மேல் வெறுமனே இருந்தது, மிதிக்கவே இல்லை. அடிவாரத்தில் நிறுத்தியபோதுதான் கவனித்தேன், கேஜைப் பார்க்க வந்த நான் கேஜையே பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன்.

"புடிச்சுது அத்தை" என்றார்.

முதல் தடவை. நான் ஒன்றும் கேட்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அவர் குளிக்கப் போனதும், மகள் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் என்னிடம் வந்து நின்றாள். "என்னம்மா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி. வலையில கொஞ்சம் அழுக்கு. லைட்டு இனிமே எரியாது."

"புடிக்குதா?"

"லைட்டு மட்டும்தானே பிரச்சினைன்னு சொன்ன? புடிக்காம என்ன?"

அவள் குழாயை இறுக்கி மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அம்மா, பிரேக் லைனிங் கருகின வாசனை எனக்குத் தெரியாதா? உன் புடவையில மூஞ்சிய வெச்சு வளந்தவ. போன வாரம் அவரு சட்டையில அதுதான் அடிச்சுது. அன்னிக்கு மத்தியானம் போன் பண்ணி சாப்பிட்டியான்னு கேட்டாரு. கல்யாணமானதுலேர்ந்து அவரு போன்ல அப்படிக் கேட்டதே இல்ல. கேட்டுட்டு அழறதை அடக்கற மாதிரி இருந்துச்சு. அப்பவே எனக்குத் தெரியும் என்னமோ ஆயிடுச்சுன்னு."

"அப்புறம் ஏண்டி காலையில புடிக்குதுன்னு சொன்ன?"

"அவரு அப்படித்தானே சொன்னாரு. இல்லன்னு நான் சொன்னா, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுடும். நான் பயந்துட்டேன்னு தெரிஞ்சா, அவரு நாளைக்கு வண்டியே ஓட்டமாட்டாரு. இல்ல, கை நடுங்கிகிட்டே ஓட்டுவாரு. அதான் லைட்டுன்னு சொல்லி உங்கிட்ட இழுத்துகிட்டு வந்தேன். நீ விடமாட்டேன்னு தெரியும்." அவள் என் கையைப் பிடித்தாள். "அவர் கவரைத் திறந்ததை மட்டும் நீ கத்துவியேன்னு மறைச்சுட்டேன். அது முக்கியம்னு தெரியல. அவர்கிட்ட எதுவும் சொல்லாதம்மா."

நான் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். இத்தனை நாள் நடுவில் அவள் நின்றாள். இப்போது அவர் சொன்னதும் என்னிடம், இவள் சொன்னதும் என்னிடம். "சொல்லல" என்றேன்.

மறுநாள் காலையில் லாரி கிளம்பியது. நின்ற இடத்தில் ஆயில் சொட்டு, நாலைந்து, பளபளவென்று. மகள் பழக்கத்தில் துணியை எடுத்துக்கொண்டு குனியப் போனாள். "வயித்தோட குனியாத. இருக்கட்டும் விடு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அன்றைக்கு ஷெட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு பஸ் என்ஜினின் வால்வு இடைவெளியை வைத்ததையே திரும்பத் திரும்ப வைத்தேன். உச்சி வெயிலில் என் போன் அடித்தது. மாப்பிள்ளை நம்பர். அவர் என் போனுக்கு இதுவரை பேசியதே இல்லை. காதில் வைத்தேன். ம்க்கும் என்று ஒரு செருமல்.

"அத்தை, சாப்பிட்டீங்களா?"

"ஏன்? ஏன் கேக்கறீங்க? வண்டி எங்க நிக்குது? புடிக்கலையா?"

"அய்யோ, இல்ல அத்தை. புடிச்சுது. கீழ இறங்கிட்டேன். லோடு இறக்கிட்டு இருக்காங்க. கால் பிரேக்கைத் தொடவே இல்ல." அவர் சிரித்தார்; அவர் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "சும்மாதான் கேட்டேன். நேத்து நீங்க சாப்பிடாம வேலை பாத்தீங்க. அதான்."

வாசலில் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். நான் அவளுக்குத் தலையை ஆட்டினேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து எனக்கும் ஒரு வாய் இறங்கியிருக்கவில்லை.

"சாப்பிட்டேன் மாப்பிள்ளை" என்றேன். "நீங்க சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க."